லீமாவுக்குப் புறப்பட்ட பன்னிரண்டு தகரங்கள்

கூரை என்பது மழையைத் தடுப்பதற்காக உண்டானது என்றொரு நம்பிக்கை நம்மவர்களிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள் என்பதுதான் கவலைக்குரியது. இது பிழை. கூரை என்பது ஒரு தீர்மானம். உரிய குழு கூடி, உரிய படிவம் நிரப்பி, உரிய கோட்டின் மேல் ஒப்பம் விழுந்தால் கூரை உண்டாகும், விழாவிட்டால் உண்டாகாது. இதில் மழைக்கு எந்த அதிகாரமும் இல்லை. அது வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

இந்த எளிய உண்மை அழகம்மாவுக்குத் தெரியாமல் போனதுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, தேயிலைக்குள்ளே முக்கால் மணி நேரம் ஏறினால் ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவு வரும். அங்கே பிள்ளை மடுவத்து ஆயம்மாதான் அழகம்மா. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார், வேலைக்குப் பேர் பதிகிற காலைப் பெரட்டுக்கு முன்னால் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மொத்தம் இருபத்து மூன்று பிள்ளைகள். மத்தியானம் சோறும் பருப்பும். பிள்ளைகள் படுக்கிற மடுவத்துக்குக் கூரை இருந்தது. ஒட்டியிருந்த சமையல் கட்டுக்கும் பதினான்கு தகரத்தில் கூரை இருந்தது, ஐப்பசிக் காற்று வரும்வரை. அந்தக் காற்றில் பன்னிரண்டு தகரம் பறந்து ஓடைக்குள் போயிற்று. மிச்சம் இரண்டு. அவை அடுப்புக்கு நேர் மேலே இருந்தபடியால் அடுப்பு நனையவில்லை. அழகம்மா மட்டும் நனைந்தார்.

தோட்ட நிர்வாகத்திடம் கேட்டபோது, மடுவம் தங்களுடையது, சமையல் கட்டு அட்டனிலுள்ள அரசாங்கப் பணியகத்துடையது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அழகம்மா பணியகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். "பன்னிரண்டு தகரம் வேண்டும். வைகாசி மழைக்கு முன் கிடைத்தால் நல்லது." இவ்வளவுதான். ஓர் அரச காரியாலயத்துக்கு இவ்வளவு சுருக்கமாக எழுதுவது மரியாதைக் குறைவு என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

மலைநாட்டுப் பந்தி மேம்பாட்டுப் பணியகம் அட்டன் நகரில், ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மாடிப்படியின் பாதியை அந்தக் கடையின் தகரக் கட்டுகள் அடைத்துக்கொண்டிருக்கும். உத்தியோகத்தர்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் ஏறுவார்கள்.

விண்ணப்பம் வந்த அதே வாரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது. எந்தக் கட்டுமான வேலைக்கும் அனுமதி வழங்குமுன், அதே துறையில் உலகின் தலைசிறந்த இடம் ஒன்றுடன் ஒப்பிட்டு ஆராய்தல் வேண்டும் என்று அது சொன்னது. பணிப்பாளர் சிவராசா அதை இரண்டு முறை வாசித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினோரு வருடமாக மலைநாட்டில் வேலை பார்க்கிறவர். சுற்றறிக்கை என்றால் அவருக்குச் சுவாமி படம் மாதிரி. திட்டமிடல் உத்தியோகத்தர் கஜேந்திரனைக் கூப்பிட்டார்.

கஜேந்திரன் அட்டன் பையன். சாப்பாட்டு விஷயத்தில் நவீனமானவர். கொத்து ரொட்டியையும் நாலு பக்கம் நின்று படம் எடுத்து, 'மரபுக் கலவை' என்று பெயர் போட்டு, ஆறிய பிறகுதான் சாப்பிடுவார்.

"தம்பி, இது குசினி விஷயம். உலகத்திலை திறமான குசினியள் எங்கை இருக்கு?"

"லீமா சேர்." ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"அது எங்கை?"

"தென் அமெரிக்கா. பெரு நாட்டோட தலைநகரம். கடலுக்குப் பக்கத்துலயே இருக்கு. இப்ப சாப்பாடுன்னா உலகமே அங்கதான் போகுது சேர். பாரிஸ் எல்லாம் பழசு."

"கண்டிக்குப் போனாப் போதாதோ?"

"சுத்தறிக்கையில 'உலகின்'னு போட்டிருக்கு. கண்டி அதுல அடங்குமான்னு மேலிடத்துல விளக்கம் கேக்கணும். ஆறு மாசம் எடுக்கும்."

பணிப்பாளர் கணக்குப் போட்டார். "அப்ப லீமாதான் கிட்ட."

இந்த இடத்தில் முகாமைத்துவ உதவியாளர் ஷாமிலா தட்டச்சு செய்வதை நிறுத்தினார். "சேர், கீழ கடையில தகரம் அடுக்கி வச்சிருக்கு. காலையில அதுல இடிச்சிட்டுத்தான் வந்தேன். பன்னெண்டு எடுத்தா படியும் கொஞ்சம் அகலமாகும்."

"பிள்ளை, அது தகரம். இது கொள்கை. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது."

அன்று மாலைக்குள் பன்னிரண்டு தகரத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது: 'பிள்ளை மடுவச் சமையல் கட்டுகளின் மேற்பரப்பு மேம்பாட்டை முன்னிட்ட பன்னாட்டு உணவுசார் ஒப்பீட்டுக் கள ஆய்வு'. கோவையின் மேலட்டையில் இடம் போதாமல் பின்னட்டையிலும் எழுதினார்கள்.

பயணம் ஒன்பது நாள் என்று முடிவாயிற்று. நிகழ்ச்சி நிரலைக் கஜேந்திரன் தயாரித்தார். பெருவில் உருளைக்கிழங்கு மட்டும் மூவாயிரம் வகைக்கு மேல் உண்டு. நுவரெலியாக் கிழங்கு என்று நாம் நெஞ்சை நிமிர்த்துகிற கிழங்குக்கும் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். ஆகவே முதல் இரண்டு நாளும் கிழங்கு. மூன்றாம் நாள் செவிச்சே. அதாவது பச்சை மீனைத் துண்டு போட்டுத் தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்து, அடுப்பில் ஏற்றாமலே தின்பது. நான்காம் நாள் மாட்டு இதயத்தைக் கம்பியில் குத்திச் சுட்டது. ஐந்தாம் நாளுக்கு நேரே இருந்த படத்தில் பணிப்பாளரின் விரல் நின்றது.

"இதென்ன தம்பி, எலி மாதிரிக் கிடக்கு?"

"எலி இல்ல சேர், கினிப்பன்றி. அங்க விசேஷத்துக்கு வைப்பாங்க."

"பண்டியோ எலியோ, ஒண்டைச் சொல்லும்."

"ரெண்டும் இல்ல. முயலுக்குத் தூரத்துச் சொந்தம்."

விலங்கியல் இதை ஏற்பதில்லை. பணிப்பாளர் ஏற்றுக்கொண்டார். "ஆனா வெள்ளிக்கிழமையிலை வரக் கூடாது."

"செவ்வாய்க்குப் போடுறேன் சேர்."

"செவ்வாயும் நான் விரதம்."

"புதன்."

"புதன் நல்லது. குறிச்சுக்கொள்ளும்."

எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற கேள்வியும் எழுந்தது. கஜேந்திரனின் அப்பா முப்பது வருடம் தோட்டத்தில் கண்டாக்காக இருந்து கொழுந்து நிறுவையை மேற்பார்த்தவர். தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று அளவு உண்டு. அளவைக் கொண்டுவந்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். பாதி நாள் வேலை செய்ததாகத்தான் பதிவு. அந்த வீட்டில் பிறந்தவருக்கு அளவில்லாத வேலையை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆகவே ஆய்வுக்குழுவினர் ஒவ்வொருவரும் நாளொன்றுக்குப் பதினெட்டு வகை உண்ண வேண்டும் என்றும், குறைந்தால் அரைப் பேர் என்றும் விதி எழுதினார். பணிப்பாளர் அதை நேர்மையின் சிகரம் என்று பாராட்டினார்.

பச்சை மீனுக்கு வயிறு தாங்குமா என்று பார்க்க ஓர் ஒத்திகையும் நடந்தது. நீர்கொழும்பிலிருந்து லொறியில் ஏறிவந்த அறக்குளா மீன் மதியம் அட்டனை அடைந்தது. கஜேந்திரன் அதில் ஆறு தேசிக்காய் பிழிந்தார். பணிப்பாளர் ஒரு துண்டு சாப்பிட்டார். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் சுகயீன விடுமுறை. கோவையில் 'உணவு இயைபுப் பரீட்சை: திருப்திகரம்' என்று பதியப்பட்டது.

எல்லாம் ஆயத்தமாகிவிட்டது என்று நினைத்தபோது, சுற்றறிக்கையின் ஒன்பதாம் பந்தியை ஷாமிலா வாசித்துக் காட்டினார். பயனாளிகளின் பிரதிநிதி ஒருவரைக் கொண்டிராத ஆய்வுக்குழு, ஆய்வுக்குழுவாகக் கருதப்படமாட்டாது.

"பயனாளி ஆர்?" என்று கேட்டார் பணிப்பாளர். அப்போதுதான் எல்லாருக்கும் அழகம்மா ஞாபகத்துக்கு வந்தார்.

வரச்சொல்லிப் பணியகம் எழுதிய கடிதம் கிடைத்த மறுநாளே அழகம்மா அட்டனுக்கு வந்துவிட்டார். அவரோடு இரண்டு ஆம்பிளைகள் வந்து படியடியில் நின்றார்கள்.

"இருங்கோ அம்மா. தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

அழகம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "கீழ பார்த்தேனுங்க. புத்தம் புதுத் தகரம், பளபளன்னு இருக்கு. தூக்கிட்டுப் போக ரெண்டு ஆளையும் கூட்டியாந்திட்டேன்."

"அது வேறை. நீங்கள் எங்களோடை லீமாவுக்கு வாறியள்."

"அது எந்தத் தோட்டம்ங்க?"

"தோட்டம் இல்லை அம்மா. வெளிநாடு. பிளேனிலை போகோணும்."

"அங்க போயி?"

"சாப்பிடோணும்."

"யாரு?"

"நாங்கள்."

"புள்ளைங்களுக்கு?"

கஜேந்திரன் குறுக்கிட்டார். "அவங்களுக்காகத்தானே சாப்பிடுறோம்!"

அழகம்மா தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "எனக்கு அந்த ஊரெல்லாம் வேணாங்க ஐயா. தகரத்தக் குடுத்திருங்க. வைகாசி மழ புடிக்கிறதுக்குள்ள நாங்களே ஏறிப் போட்டுக்கிறோம். மழையில நின்னு நின்னு எனக்கு இருமல் விட மாட்டேங்குது. பருப்புக்குள்ள இருமக் கூடாதுன்னு முகத்தத் திருப்பிக்கிட்டு கிண்டுறேன்."

"அதிலைதான் ஒரு சிக்கல்." பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். மனிதர் கெட்டவர் இல்லை. விளக்கிச் சொல்வதில் அவருக்கு உண்மையான அக்கறை உண்டு. "தகரம் தந்தால் உங்களுக்குத் தேவை இல்லை. தேவை இல்லாட்டி நீங்கள் பயனாளி இல்லை. பயனாளி இல்லாட்டிக் குழு இல்லை. குழு இல்லாட்டி ஆய்வு இல்லை. ஆய்வு இல்லாட்டித் தகரம் இல்லை."

"அப்ப, தகரத்தக் குடுத்தா தகரம் கெடைக்காது?"

"வடிவா விளங்கியிட்டியள்."

"நான் நனைஞ்சுக்கிட்டு இருந்தாத்தான் நீங்க பறக்க முடியும்."

"நாங்கள் இல்லை அம்மா, நாமெல்லாம்."

அழகம்மா எழுந்தார். "சரிங்க. தகரத்துக்கு வழி அதுதான்னா வர்றேன். ஆனா ஒம்பது நாளு நான் அங்க வந்துட்டா, இங்க புள்ளைங்களுக்கு யாரு சோறாக்குறது?"

இந்தக் கேள்வி நியாயமானது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அதை ஆராய ஓர் உப குழு நியமிக்கப்பட்டது. இரண்டு ஆம்பிளைகளும் கையை வீசிக்கொண்டு ரயிலேறினார்கள்.

வெறுங்கையோடு போனவர்களின் வாய் வெறுமையாக இருக்காது. சாயந்தரத்துக்குள் விஷயம் மேற்பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. மேற்பிரிவில்தான் தோட்டத் தலைவர் இராமையா இருந்தார். தொழிற்சங்கத் தலைவர், மேதின ஊர்வலத்தில் இருபது வருடமாக முன்வரிசை.

"ஆயம்மா பிளேன்ல போகுது, தலைவரு பஸ்ஸுல போறதா?" என்று அவர் ஆதரவாளர்களிடம் கேட்டார். அடுத்த நாளே பணியகத்தின் படியில் பக்கவாட்டாக ஏறினார்.

"ஐயா, எங்க பிரிவுலயும் ஒரு மடுவம் இருக்குங்க. சமையல் கட்டும் இருக்கு."

"கூரை?"

"இருக்குங்க. இருபது தகரம். போன வருஷம்தான் போராடி வாங்குனோம்."

"அப்ப நீங்கள் பயனாளி இல்லைத் தலைவர்."

இராமையா ஜன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுக யோசித்துக்கொண்டே வீடு திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை, நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, தப்பு அடித்து, மேற்பிரிவுச் சமையல் கட்டின் கூரை சிரமதானமாகக் கழற்றப்பட்டது. தகரத்தைப் போடுவதற்காக நான்கு மாதம் வேலை நிறுத்தம் செய்தவர்கள் கழற்றுவதற்கு நாற்பது நிமிடம்தான் எடுத்தார்கள். கழற்றிய தகரம் வீணாகக் கூடாது என்று தலைவர் அதைத் தன் மாட்டுக் கொட்டிலுக்குப் போட்டுக்கொண்டார்.

நல்ல செய்தி மலையில் மெதுவாகப் பரவுவதில்லை. நல்லதண்ணிப் பக்கம் இரண்டு தோட்டம், பட்டிப்பொலப் பக்கம் மூன்று, நடுவில் ஐந்தாறு. எல்லா இடத்திலும் தலைவர்கள் இருந்தார்கள். எல்லாத் தலைவர்களுக்கும் எதிர்த் தலைவர்கள் இருந்தார்கள். இரண்டே வாரத்தில் பதினொரு சமையல் கட்டுகள் வானத்தைப் பார்த்தன. பணியகத்துக்குப் படங்கள் வந்து குவிந்தன. பணிப்பாளர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்: பணியகம் முன்கூட்டியே இனங்கண்ட தேவையானது குறுகிய காலத்தில் பன்னிரண்டு மடங்காகியுள்ளமை எமது தூரநோக்கைப் புலப்படுத்துகிறது.

பன்னிரண்டு பேரில் ஒருவர்தான் போகலாம். ஆகவே புள்ளி முறை வைத்தார்கள். கூரை எவ்வளவு குறைவோ அவ்வளவு புள்ளி. பதினொரு இடங்களில் ஒரு தகரமும் இல்லை, அவற்றுள் முதலில் கழற்றியதற்கே முதலிடம். அழகம்மாவிடம் மட்டும் இரண்டு இருந்தது. 'பகுதியளவு கூரையுடையது' என்ற குறிப்புடன் றொசல்ல கீழ்ப்பிரிவு கடைசி இடத்துக்குப் போயிற்று.

முடிவைச் சொல்ல இராமையாவே இறங்கி வந்தார். வெற்றி பெற்றவர்களுக்குரிய பெருந்தன்மை முகத்தில் இருந்தது.

"அழகம்மாக்கா, மனசு நோகாத. நான் மொதலாவது. நீ பன்னெண்டாவது. அந்த ரெண்டு தகரத்தாலதான் தோத்துட்ட."

"அதுக்குக் கீழதான் தலைவரே அடுப்பு இருக்கு."

"அடுப்பப் பார்த்துக்கிட்டு இருந்தா லீமா கெடைக்குமா?"

"லீமாவப் பார்த்துக்கிட்டு இருந்தா அடுப்பு எரியுமா?" அழகம்மா பருப்பைக் கிண்டினார். "ஒங்க மாட்டுக்குக் கூரை போட்டாச்சாமே."

"ஆமா. நல்ல தகரம்."

"அது விண்ணப்பமே போடல. அதான் கெடைச்சிருச்சு."

இராமையா கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டார். கோட்டுத் தைக்கக் கொடுத்தார். லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் அவரை 'லீமா தாத்தா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் அதட்டினார், பிறகு திரும்பிப் பார்த்தார்.

சித்திரை பிறந்த மறுவாரம் ஒரு பக்கத்தில் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. நாட்டின் நிலைமை கருதி, அரச உத்தியோகத்தரின் வெளிநாட்டுப் பயணங்கள் யாவும் மறு அறிவித்தல்வரை நிறுத்தப்படுகின்றன.

பணிப்பாளர் புதன்கிழமைக்குக் குறித்துவைத்த கினிப்பன்றியை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

"சேர்," என்றார் ஷாமிலா, "இனி அந்தப் பன்னெண்டு தகரத்த..."

"ஆய்வு இல்லாமலோ?"

"போகாமலே ஆய்வு செய்யலாம் சேர்," என்று கஜேந்திரன் தலையை நிமிர்த்தினார். "மேசை ஆய்வு. இப்ப எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

மூன்று வாரம் அவர் கணினியை விட்டு எழும்பவில்லை. லீமாவின் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிய படங்கள், குறிப்புகள், காணொளிகள் எல்லாவற்றையும் பார்த்தார். பதினெட்டு வகை என்ற அளவு இங்கேயும் பின்பற்றப்பட்டது. பதினேழு படத்தோடு வீட்டுக்குப் போன ஒரு நாளைக்கு அவர் தமக்கே அரைப் பேர் போட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு பின்னேரம் படாரென்று எழுந்து பணிப்பாளரிடம் ஓடினார்.

"சேர், கண்டுபுடிச்சிட்டேன். இந்தப் படத்தைப் பாருங்க. இது மார்க்கெட் சமையல் கடை. இது ஒரு வீட்டு முத்தத்துல நடத்துற கடை, இதுக்கு மூணு மாசத்துக்கு முன்னாலேயே இடம் சொல்லி வைக்கணுமாம். இது மொட்டை மாடிச் சமையல். எல்லாத்துலயும் ஒரு ஒத்துமை தெரியுதா?"

பணிப்பாளர் உற்றுப் பார்த்தார். "எல்லாம் வெளிச்சமாக் கிடக்கு."

"கூரை இல்ல சேர்! இருந்தாலும் சும்மா பாய் மாதிரி ஒண்ணு. உலகத்துலயே சிறந்த சமையல் நடக்கிற ஊர்ல கூரையைப் பெரிசா எடுத்துக்கிறதே இல்ல."

ஷாமிலாவும் வந்து எட்டிப் பார்த்தார். கீழே இருந்த குறிப்பை வாசித்தார். "சேர், அந்த ஊரு பாலைவனத்துக் கரையில இருக்காம். பனி மூட்டம் மட்டும்தானாம். மழைன்னு ஒண்ணு பெய்யிறதே இல்லையாம். அதையும் அறிக்கையில போடவா?"

வெளியே அட்டன் நகரம் மழையில் கரைந்துகொண்டிருந்தது. பணிப்பாளர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஜன்னலைச் சாத்தினார்.

"பிள்ளை, மழை வளிமண்டலத்துக்காரரின்ரை விஷயம். எங்கடை விஷயம் சாப்பாடு. மற்றத் திணைக்களத்தின்ரை வேலையிலை நாங்கள் தலையிடக் கூடாது."

அறிக்கை நூற்று நாற்பது பக்கம் வந்தது. உலகின் உணவுத் தலைநகரத்தில் சமையல் கட்டுக்குக் கூரை இன்றியமையாததன்று என்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டிருந்தது. எமது மலைநாட்டில் பதினொரு சமையல் கட்டுகள் ஏற்கெனவே பன்னாட்டுத் தரத்தை எட்டிவிட்டன. ஒன்று மட்டும், இரண்டு தகரத்தால், பின்தங்கியிருக்கிறது. மேலிடம் இதை மிகவும் மெச்சிற்று. செலவில்லாமல் ஓர் அபிவிருத்தி இவ்வளவு விரைவாக முடிந்தது இதுவே முதல் தடவை என்று பதில் வந்தது.

அறிக்கை பத்திரிகையில் வந்தது. நுவரெலியாவில் ஒரு ஹோட்டல்காரர் தம் சமையலறைக் கூரையைப் பிரித்துவிட்டு, 'திறந்தவெளி லீமா அனுபவம்' என்று பலகை மாட்டினார். கொழும்பிலிருந்து கார்களில் வந்து வரிசையில் நின்றார்கள். இதைக் கண்டித்து எழுதவேண்டும் என்ற எண்ணத்தோடு நானும் ஒரு நாள் போனேன். நன்றாக இருந்தது. அன்று மழை இல்லை. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பன்னாட்டுத் தரச் சமையல் கட்டுகளின் திறப்பு விழாவுக்கு றொசல்ல கீழ்ப்பிரிவைத் தெரிவு செய்தார்கள், ஸ்டேஷனுக்குக் கிட்ட என்பதால். விழாவுக்கு முதல் நாள் பணியகத்திலிருந்து இருவர் வந்து ஏணி வைத்து மிச்சமிருந்த இரண்டு தகரத்தையும் கழற்றினார்கள். 'பொறுப்பேற்ற பொருள்: தகரம், பழையது, இரண்டு' என்று எழுதி ரசீதும் தந்தார்கள்.

"இத வச்சு என்னங்க செய்யிறது?" என்றார் அழகம்மா.

"பத்திரமா வைங்க ஆயம்மா. நனையாம பாத்துக்கங்க."

மறுநாள் காலை லொறி ஒன்று வந்தது. மடுவத்துக்கு முன்னால் கம்பு நட்டு, விருந்தினர் மேடைக்குக் கூரை போட்டார்கள். புத்தம் புதுத் தகரம், பளபளவென்று. அழகம்மா வாசலில் நின்று விரல் விட்டு எண்ணினார். பன்னிரண்டு. நேரே பணிப்பாளரிடம் போனார்.

"ஐயா, வந்திருச்சுங்களே!"

"என்ன அம்மா?"

"தகரம். பன்னெண்டுதான் கேட்டேன், சரியா பன்னெண்டு இருக்கு. விழா முடிஞ்சதும் அப்படியே விட்டுட்டுப் போங்க. எங்க ஆம்பளைங்க ரெண்டு பேரும் இங்கதான் நிக்கிறாங்க."

பணிப்பாளர் சங்கடப்பட்டார், நிஜமாகவே சங்கடப்பட்டார். "அது எங்கடை இல்லை அம்மா. கீழ்க்கடைத் தகரம், வாடகைக்கு எடுத்தது. பின்னேரம் திருப்பிக் குடுக்கோணும். இனி உங்களுக்கு அது தேவையுமில்லை. நீங்கள் இப்ப பன்னாட்டுத் தரம்."

அன்று விழாவுக்கு வருகிறவர்களுக்கு மலையேறாமலே முழுப் பேர் என்று பெரட்டில் அறிவித்திருந்தார்கள். ஆகவே கீழ்ப்பிரிவு, மேற்பிரிவு முழுவதும் வந்திருந்தது. தாய்மார் எல்லாரும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். சமையல் கட்டுக்குக் கதவு இருந்தது. ஆகவே அதைத் திறந்தும் வைத்தார்கள். பணிப்பாளர் பேச ஆரம்பித்து இரண்டாவது பந்தியில் மழை இறங்கியது. புதுத் தகரத்தில் அது விழுந்த சத்தத்தில் பேச்சு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அவர் வாய் நின்றபோதெல்லாம் எல்லாரும் கை தட்டினார்கள். நன்றியுரை இராமையா, கோட்டு அவருக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது. கஜேந்திரன் மழைக்குள் நின்று சமையல் கட்டை நாலு பக்கமும் படம் எடுத்தார். ஷாமிலா தன் குடையைக் கொண்டுபோய் அழகம்மாவிடம் கொடுத்தார். அழகம்மா அதை அடுப்புக்குப் பிடித்தார். குடைக் கம்பி ஒன்று ஏற்கெனவே உடைந்திருந்ததால் அந்தப் பக்கத்து மழை பருப்புச் சட்டிக்குள் ஒழுகியது.

பன்னிரண்டரைக்கு விருந்தினர் புறப்பட்டார்கள். ஒரு மணிக்குத் தகரத்தைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். எண்ணிப் பார்த்து, பன்னிரண்டும் சரி என்று ஒப்பமிட்டார்கள்.

அன்று மத்தியானம் அழகம்மா இருபத்து மூன்று பிள்ளைகளுக்கு வைத்த பருப்பு நாற்பது பேருக்குப் போதும்படி இருந்தது.